வைனில் டிஎல்எல் சிக்கல்: தேட வேண்டிய இடமும் தொடக்கூடாத இடமும்

லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்ட உதவும் மென்பொருளான வைன் மூலம் ஒரு நிரலைத் திறக்கிறீர்கள். சாளரம் எதுவும் வரவில்லை. ஏதோ ஒரு டிஎல்எல் (நிரலுக்குத் தேவையான நூலகக் கோப்பு) கிடைக்கவில்லை என்று மட்டும் தகவல் வருகிறது. உடனே அந்தக் கோப்பின் பெயரை இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட முதல் தளத்திலிருந்து இறக்கி, சிஸ்டம்32 கோப்புறையில் போடுவதுதான் பலருடைய வழக்கம். அதற்குப் பிறகும் நிரல் திறக்காது. முன்பு ஒரு பழுது இருந்த இடத்தில் இப்போது இரண்டு இருக்கும், அவ்வளவுதான்.

வைனில் நூலகக் கோப்புகளால் வரும் தொல்லைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே ஐந்தாறு வகை. கோப்பே இல்லாதது ஒரு வகை. கோப்பு இருந்தும் பிட் பொருந்தாதது, இரண்டு பிரதிகளில் தவறானது ஏறுவது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் பதியாதது, கோப்புக்குள் குறிப்பிட்ட செயற்கூறு (ஃபங்க்ஷன்) இன்னும் எழுதப்படாதது என்பவை மற்றவை. இவற்றோடு, குறை விண்டோஸ் பக்கம் இல்லாமல் லினக்ஸ் பக்கம் இருப்பதும் உண்டு. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் ஒரே கட்டளை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வகையைக் கண்டுபிடிப்பதைப் பற்றியதுதான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் ரோமன் எழுத்தில் அடிக்க வேண்டும். சூழல் மாறிகளின் (நிரலை ஓட்டும்போது அதற்குக் கொடுக்கும் அமைப்புகளின்) பெயர்களை முழுக்கப் பெரிய எழுத்தில்.

வைனின் இரண்டு பக்கங்கள்

1993இல் தொடங்கிய வைன் ஒரு மெய்நிகர் கணினி அன்று. விண்டோஸ் நிரலின் இயந்திரக் கட்டளைகள் உங்கள் செயலியில் நேரடியாகவே ஓடுகின்றன. அந்த நிரல் விண்டோஸிடம் கேட்கும் உதவிகளுக்கு மட்டும் வைன் பதில் சொல்கிறது. அதற்காக கெர்னல்32, யூசர்32, ஜிடிஐ32 போன்ற டிஎல்எல்களை வைன் குழுவினர் தாங்களே புதிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கு 'பில்ட்இன்' என்று பெயர். மைக்ரோசாஃப்டோ நிரலைத் தயாரித்தவரோ தந்த டிஎல்எல் 'நேட்டிவ்' எனப்படும். இந்த இரு சொற்களும் கீழே அடிக்கடி வரும்.

பில்ட்இன் டிஎல்எல் தன்னந்தனியாக எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. திரையில் வரையவும் எழுத்துரு படிக்கவும் பாதுகாப்பான இணைப்பு ஏற்படுத்தவும் அது லினக்ஸின் நூலகக் கோப்புகளான எஸ்ஓ கோப்புகளை நாடுகிறது. வைன் நிறுவப்பட்ட இடத்தில் லிப் கோப்புறைக்குள் வைன் என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். 'எக்ஸ்86_64-விண்டோஸ்', 'எக்ஸ்86_64-யூனிக்ஸ்' என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். முதலாவதில் டிஎல்எல்கள், இரண்டாவதில் எஸ்ஓக்கள். விண்டோஸ் பக்கத்தில் குறை இருந்தால் மருந்து ப்ரிஃபிக்ஸுக்குள் (அடுத்த பகுதியில் விளக்கியிருக்கிறேன்) போகும். லினக்ஸ் பக்கத்தில் இருந்தால் உங்கள் லினக்ஸ் வழங்கலின் தொகுப்பு நிறுவி மூலம் போகும். இவற்றை மாற்றிப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் திண்டாடுபவர்கள் ஏராளம்.

முதலில் ஒரு தனி ப்ரிஃபிக்ஸ்

ப்ரிஃபிக்ஸ் என்பது வைன் உருவாக்கும் ஒரு போலி விண்டோஸ் வட்டு. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது உங்கள் வீட்டுக் கோப்புறையில் '.வைன்' என்ற பெயரில் இருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் அங்கே இருந்தால் சோதனைகளை அங்கே செய்யாதீர்கள். வைன்ப்ரிஃபிக்ஸ் என்ற சூழல் மாறிக்கு வேறொரு கோப்புறையின் பாதையைக் கொடுத்து 'வைன்பூட் -யூ' அடித்தால் புதிய ப்ரிஃபிக்ஸ் உருவாகிவிடும். சிக்கல் தரும் நிரலை அதில் மட்டும் நிறுவுங்கள். சோதனை கோணலாகப் போனால் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

எந்தச் சூழ்நிலையிலும் நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' போட்டு வைனை ஓட்டாதீர்கள். அப்படி ஓட்டினால் ப்ரிஃபிக்ஸில் உள்ள கோப்புகள் நிர்வாகியான ரூட் பெயருக்கு மாறிவிடும். அடுத்த முறை சாதாரணப் பயனராகத் திறக்கும்போது இந்தக் கோப்புறை உங்களுடையது அன்று என்று வைன் மறுத்துவிடும். விண்டோஸ் நிரலுக்குக் கணினி முழுவதையும் திறந்துவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

முனையத்தில் ஓட்டி, முதல் பிழை வரியைப் படியுங்கள்

ஐகானை இரட்டைச் சொடுக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, நிரல் இருக்கும் கோப்புறைக்கு முனையத்தில் சென்று அங்கிருந்து ஓட்டுங்கள். பல நிரல்கள் தங்கள் டிஎல்எல்களைத் தற்போதைய கோப்புறையில் தேடும். வேறிடத்திலிருந்து ஓட்டியதால் மட்டுமே 'கிடைக்கவில்லை' என்று வருவதும் உண்டு. வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அதில் 'ஃபிக்ஸ்மீ' என்று தொடங்கும் வரிகள் கொத்துக்கொத்தாக வரும். அவை வைன் குழுவினர் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட நினைவூட்டல்கள். நன்றாக ஓடும் நிரலிலும் நூற்றுக்கணக்கில் வரும். இப்போதைக்கு அவற்றை விட்டுவிட்டு 'எர்ர்' என்று தொடங்கும் வரிகளை எடுங்கள். அவற்றிலும் 'எர்ர்:மாட்யூல்' என்பவை நமக்குரியவை.

ஓர் எடுத்துக்காட்டு. கணக்கு.இஎக்ஸ்இ என்ற நிரலை ஓட்டியதும் மூன்று வரிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின்.டிஎல்எல் கோப்புக்குத் தேவையான எம்எஸ்விசிபி140.டிஎல்எல் கிடைக்கவில்லை என்கிறது முதல் வரி. கணக்கு.இஎக்ஸ்இ கோப்புக்குத் தேவையான எஞ்சின்.டிஎல்எல் கிடைக்கவில்லை என்கிறது இரண்டாவது. நிரலுக்கான டிஎல்எல்களை ஏற்ற முடியவில்லை, நிலை சி0000135 என்று முடிகிறது மூன்றாவது. பலர் இரண்டாவது வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் எஞ்சின்.டிஎல்எல் நிரலின் கோப்புறையிலேயே இருக்கிறது. கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்கிறதே என்று வைனைத் திட்டுகிறார்கள். வைன் பொய் சொல்லவில்லை. எஞ்சின்.டிஎல்எல்லை ஏற்ற முயன்றது, அதற்குத் தேவையான இன்னொன்று கிடைக்கவில்லை, ஆகவே எஞ்சினும் ஏறவில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணி முதல் வரியில் அச்சாகிறது. ஆகவே மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் வருவதுதான் உண்மையான குறை.

கடைசியில் வரும் நிலை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சி0000135 என்றால் டிஎல்எல் கிடைக்கவில்லை. சி000007பி என்றால் கோப்பின் வடிவம் பொருந்தவில்லை. பெரும்பாலும் 32 பிட், 64 பிட் குழப்பம். சி0000139 என்றால் டிஎல்எல் இருக்கிறது, அதற்குள் தேடிய செயற்கூறு இல்லை. சி0000142 என்றால் டிஎல்எல் ஏறியது, தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும் கட்டத்தில் தோற்றது. இவை விண்டோஸின் சொந்த எண்கள்தான் என்பதால் விண்டோஸ் பயனர்களுக்காக எழுதப்பட்ட விளக்கங்களும் உதவும்.

எந்த 'எர்ர்' வரியுமே வராமல் நிரல் மௌனமாக மூடிக்கொண்டால், ஏதாவது தொடக்க ஸ்கிரிப்ட், எந்தத் தகவல்கள் அச்சாக வேண்டும் என்று வைனுக்குச் சொல்லும் வைன்டீபக் மாறியை '-ஆல்' என்று வைத்து எல்லாத் தகவல்களையும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், நிரல் ஓடத் தொடங்கிய பிறகு தானே ஒரு டிஎல்எல்லைக் கேட்டு, கிடைக்காமல் வெளியேறியிருக்கலாம். அப்படிக் கேட்கப்படுபவை நிரலின் இறக்குமதிப் பட்டியலில் இருக்காது. வைன்டீபக் மாறிக்கு 'வார்ன்+மாட்யூல்' என்று கொடுத்து ஓட்டினால், ஏற்ற முடியாமல் போன ஒவ்வொரு கோப்பும் நிலை எண்ணுடன் வரும். அந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே குற்றவாளிகள் அல்ல. இருந்தால் பயன்படுத்தலாம் என்று நிரல்கள் சும்மா தட்டிப் பார்ப்பதும் உண்டு. நிரல் மூடுவதற்குச் சற்று முன்பு தோற்றவற்றிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

எத்தனை பிட்?

டிஎல்எல் எதையும் நிறுவுவதற்கு முன் 'ஃபைல்' கட்டளையை நிரலின் இஎக்ஸ்இ கோப்பின் மீது ஓட்டுங்கள். 'பிஇ32' என்று வந்தால் 32 பிட், 'பிஇ32+' என்று வந்தால் 64 பிட். 32 பிட் நிரல் 32 பிட் டிஎல்எல்லைத்தான் ஏற்றும், 64 பிட் நிரலுக்கு 64 பிட் டிஎல்எல்தான்.

பெயர்கள் இங்கே நம்மைக் குழப்பவென்றே அமைந்தவை போல இருக்கும். 64 பிட் ப்ரிஃபிக்ஸில் சிஸ்டம்32 கோப்புறையில் இருப்பவை 64 பிட் டிஎல்எல்கள்; சிஸ்வாவ்64 கோப்புறையில் இருப்பவை 32 பிட். இந்தத் தலைகீழ் ஏற்பாடு வைனின் கண்டுபிடிப்பு அன்று, விண்டோஸிலும் அப்படித்தான். பழைய 32 பிட் நிரலுக்காக இறக்கிய டிஎல்எல்லைச் சிஸ்டம்32 என்ற பெயரை நம்பி அங்கே போட்டால், 32 பிட் நிரலுக்கு அது கிடைக்காது. அதே பெயரில் அங்கே இருந்த 64 பிட் கோப்பை அது மேலெழுதியிருந்தால், இதுவரை ஒழுங்காக ஓடிய 64 பிட் நிரல்களும் விழுந்துவிடும்.

32 பிட் நிரல் எதுவுமே ஓடவில்லை, 64 பிட் எல்லாம் ஓடுகிறது என்றால் குறை ப்ரிஃபிக்ஸில் இல்லை. டெபியன் வகை அமைப்புகளில் வைன்32 தொகுப்பு இல்லை என்றும், பல்கட்டமைப்பு வசதியை இயக்க வேண்டும் என்றும் வைனே சொல்லிவிடும். 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386' என்று கொடுத்து, தொகுப்புப் பட்டியலைப் புதுப்பித்து, வைன்32ஐ நிறுவுங்கள். இந்தக் கட்டளைகளுக்கு மட்டும் சூடோ தேவை.

2024 ஜனவரியில் வந்த வைன் 9.0 முதல் இதில் ஒரு மாற்றம் உண்டு. புதிய வாவ்64 முறையில் கட்டப்பட்ட வைன், 32 பிட் விண்டோஸ் நிரல்களை 64 பிட் லினக்ஸ் நூலகங்களை வைத்தே ஓட்டிவிடும். உங்களுடையது எது என்று அறிய வைனின் நூலகக் கோப்புறையைப் பாருங்கள். 'ஐ386-யூனிக்ஸ்' என்ற கோப்புறை இருந்தால் பழைய முறை, 32 பிட் எஸ்ஓக்கள் தேவை. அது இல்லாமல் 'ஐ386-விண்டோஸ்' மட்டும் இருந்தால் புதிய முறை. 32 பிட் எஸ்ஓக்களைத் தேடி அலைய வேண்டாம்.

விண்டோஸ் பக்கம் கோப்பு இல்லை என்றால்

டிஎல்எல்களைத் தனித்தனியாக இறக்கித் தரும் தளங்களை மறந்துவிடுங்கள். அங்கே கிடைப்பது எந்தப் பதிப்பு, எத்தனை பிட், யார் கை பட்டது என்று எதுவும் தெரியாது. தவிர, இந்தக் கோப்புகள் தனியாக வாழ்பவை அல்ல. எம்எஸ்விசிபி140 இருக்கும் இடத்தில் விசிரன்டைம்140உம் வேண்டும். 64 பிட்டில் விசிரன்டைம்140_1 என்று இன்னொன்றும் வேண்டும். ஒன்றைப் போட்டால் அடுத்ததைக் கேட்கும்; அதைப் போட்டால் பதிப்பு பொருந்தாது.

சரியான வழி, அந்தக் குடும்பத்தை மொத்தமாகத் தரும் நிறுவியை ஓட்டுவது. கோப்புப் பெயரில் உள்ள எண்ணே எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். எம்எஸ்விசிஆர்100 என்றால் விஷுவல் சி++ 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. இவை ஒவ்வொன்றும் தனித்தனி. புதியதை நிறுவினால் பழையது கிடைத்துவிடாது. 140 என்று முடிபவை மட்டும் விதிவிலக்கு. 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகள் ஒரே குடும்பம் என்பதால் புதியது ஒன்று போதும்.

வைன்ட்ரிக்ஸ் என்ற ஸ்கிரிப்ட் இந்த நிறுவிகளை மைக்ரோசாஃப்டின் மூலப் பதிப்பிலிருந்தே எடுத்து, தேவையான அமைப்புகளையும் மாற்றிவிடும். விசிரன்2010, விசிரன்2022, எம்எஃப்சி42, விபி6ரன் என்று தேவையானதன் பெயரைக் கொடுத்தால் போதும். வைன்ப்ரிஃபிக்ஸ் மாறியை வைக்க மறந்தால் எல்லாம் முதன்மை ப்ரிஃபிக்ஸில் போய்ச் சேரும். ஏதாவது ஒன்று வேலை செய்யும் என்று பத்துப் பெயர்களை வரிசையாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஒன்று நிறுவுங்கள், ஓட்டுங்கள், முதல் பிழை வரி மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் முன்னேறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், நிரல் இன்னும் திறக்காவிட்டாலும்.

டாட்நெட் நிரல் என்றால் வைன் மோனோ (டாட்நெட்டுக்கு வைன் தரும் மாற்று) நிறுவப்படவில்லை என்ற வரி வரலாம். புதிய ப்ரிஃபிக்ஸ் உருவாகும்போது அதை நிறுவவா என்று வைன் கேட்கும். அங்கே 'வேண்டாம்' என்று அழுத்தியதன் பலன் அது.

இரண்டு பிரதிகள் இருந்தால் எது ஏறுகிறது?

கோப்பைப் போட்டாகிவிட்டது, பிட் பொருந்துகிறது, ஆனாலும் எந்த மாற்றமும் இல்லை. அப்படியானால் நீங்கள் போட்ட நேட்டிவ் பிரதியை வைன் தொடவே இல்லாமல் தன் பில்ட்இன்னையே ஏற்றியிருக்கலாம். ஊகிக்க வேண்டியதில்லை. வைன்டீபக் மாறிக்கு '+லோட்டிஎல்எல்' என்று கொடுத்து ஓட்டுங்கள். ஏறிய ஒவ்வொரு டிஎல்எல்லின் பாதையும், வரியின் கடைசியில் 'நேட்டிவ்' அல்லது 'பில்ட்இன்' என்ற சொல்லும் வரும். எனக்குத் தெரிந்து வைனில் இதைவிடப் பயனுள்ள ஒரு வரி வெளியீடு கிடையாது. இணைய மன்றங்களில் பக்கம் பக்கமாக நடக்கும் வாதங்களை இது ஒரு நொடியில் முடித்துவிடும்.

வரிசையை மாற்ற 'வைன்சிஎஃப்ஜி' திறந்து 'லைப்ரரிஸ்' தாவலுக்குப் போங்கள். டிஎல்எல்லின் பெயரைச் சேர்த்து, 'நேட்டிவ், பிறகு பில்ட்இன்' என்று வையுங்கள். முதலில் 'அப்ளிகேஷன்ஸ்' தாவலில் உங்கள் இஎக்ஸ்இ கோப்பைச் சேர்த்து, அதைத் தேர்ந்த நிலையில் இதைச் செய்தால் மாற்றம் அந்த ஒரு நிரலோடு நிற்கும். பரிசோதனைக்கு மட்டும் என்றால் வைன்டிஎல்எல்ஓவர்ரைட்ஸ் (WINEDLLOVERRIDES) மாறிக்கு 'டி3டி9=என்,பி' போலக் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். விளையாட்டுகளின் டைரக்ட்3டி வரைகலை அழைப்புகளை வல்கன் என்ற வரைகலை இடைமுகத்துக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே போன்றவை, நிரலின் கோப்புறையில் ஒரு டிஎல்எல்லை வைத்துச் செயல்படும் மாற்றத் தொகுப்புகள் ஆகியவற்றுக்கு இந்த வரிசை மாற்றம் தேவைப்படும்.

கெர்னல்32, என்டிடிஎல்எல், யூசர்32, ஜிடிஐ32 ஆகியவற்றுக்கு இதை ஒருபோதும் செய்யாதீர்கள். இவைதான் வைனே. விண்டோஸ் கணினியிலிருந்து இவற்றை நகலெடுத்துப் போடுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால், அவருடைய மற்ற அறிவுரைகளையும் சேர்த்தே ஒதுக்கிவிடலாம்.

கோப்பு இருக்கிறது, பதிவேடு அறியாது

கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் இன்னும் ஓடும் பழைய பில்லிங் நிரல்களில் விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்டவை பல. அவற்றை வைனில் திறந்தால் முதலில் எம்எஸ்விபிவிஎம்60.டிஎல்எல் இல்லை என்று வரும். விபி6ரன் நிறுவினால் அது தீரும். அடுத்து ஒரு பெட்டி எழும்பும்: ரன்டைம் பிழை 339, எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் அல்லது அதைச் சார்ந்த ஒன்று சரியாகப் பதிவு செய்யப்படவில்லை, கோப்பு இல்லை அல்லது செல்லாதது.

நிரலின் கோப்புறையில் அந்த ஓசிஎக்ஸ் கோப்பு (டிஎல்எல் போன்ற ஒரு துணைக்கூறுக் கோப்பு) இருக்கும். ஆனால் நிரல் அதைப் பெயரால் தேடுவதில்லை. நெளிவு அடைப்புக்குறிக்குள் வரும் ஒரு நீண்ட அடையாள எண்ணால் பதிவேட்டில் தேடுகிறது. முனையத்திலும் 'எர்ர்:ஓஎல்இ' என்று தொடங்கி, இந்த எண்ணுள்ள வகுப்பு பதியப்படவில்லை என்ற வரி வந்திருக்கும். விண்டோஸில் நிறுவியை ஓட்டாமல், பழைய கணினியிலிருந்து கோப்புறையை மட்டும் நகலெடுத்து வந்தவர்களுக்கு இது நிச்சயம் வரும்.

விபி6 நிரல்கள் எல்லாம் 32 பிட். ஆகவே ஓசிஎக்ஸ் கோப்பைச் சிஸ்வாவ்64 கோப்புறையில் வைத்து, அதே கோப்புறையில் உள்ள 'ரெக்எஸ்விஆர்32' நிரலை வைன் மூலம் ஓட்டி, ஓசிஎக்ஸின் பெயரைக் கொடுங்கள். வெற்றி என்ற செய்தி வர வேண்டும். தோல்வி என்றால் அந்த ஓசிஎக்ஸுக்கே வேறொரு டிஎல்எல் தேவைப்படுகிறது; மறுபடி முதல் பிழை வரியிலிருந்து தொடங்குங்கள். எம்எஸ்காம்சிடிஎல் விஷயத்தில் மட்டும், வைன்ட்ரிக்ஸில் 'காம்சிடிஎல்32ஓசிஎக்ஸ்' கொடுத்தால் இந்த வேலை முழுவதும் முடிந்துவிடும்.

லினக்ஸ் பக்கம்

நிரல் திறக்கிறது, எழுத்துகள் கோணலாக இருக்கின்றன அல்லது இல்லவே இல்லை. உள்நுழைவுப் பக்கம் மட்டும் இணையத்தை எட்டவில்லை. முப்பரிமாணப் பகுதி வந்ததும் விழுகிறது. இப்படி எல்லாம் ஓடி, ஒரு வசதி மட்டும் ஊனமாக இருந்தால் எஸ்ஓ கோப்புகளைச் சந்தேகியுங்கள். எழுத்துருக்களுக்கான ஃப்ரீடைப் நூலகம் கிடைக்கவில்லை என்று வைன் நேரடியாகவே சொல்லும். லிப்க்னூடிஎல்எஸ் ஏறாவிட்டால் பாதுகாப்பான இணைப்புகள் கிடைக்காது என்றும் எச்சரிக்கும். பழைய முறை வைனில் 32 பிட் விளையாட்டுக்கு, 64 பிட் வல்கன் இருந்தாலும், 32 பிட் வல்கன் இயக்கியும் தனியாக வேண்டும்.

வைனின் 'யூனிக்ஸ்' கோப்புறைக்குள் சென்று, சம்பந்தப்பட்ட எஸ்ஓ கோப்பின் மீது 'எல்டிடி' ஓட்டினால் கிடைக்காதவை பட்டியலில் தெரியும். ஃப்ரீடைப், க்னூடிஎல்எஸ் போன்றவற்றை ஓடும்போதுதான் வைன் திறக்கிறது என்பதால் அவை எல்டிடி பட்டியலில் வராமல் போகலாம். அவற்றுக்கு 'எல்டி_டீபக்' மாறியை 'லிப்ஸ்' என்று வைத்து ஓட்டினால், எந்தெந்தக் கோப்புறையில் தேடித் தோற்றது என்பது வரிவரியாக வரும். காணாததை வழங்கலின் தொகுப்பு நிறுவி மூலம் நிறுவுங்கள். 32 பிட் என்றால் டெபியன் வகையில் தொகுப்பின் பெயருக்குப் பின் ':ஐ386' சேர்க்க வேண்டும். இன்னொரு இடத்திலிருந்து எஸ்ஓ கோப்பை நகலெடுத்து வருவது டிஎல்எல் தளங்களை நம்புவதற்குச் சமம்.

எல்லாம் நிறுவியிருந்தும் கிடைக்கவில்லை என்றால் 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறியைக் காலி செய்து ஓட்டிப் பாருங்கள். வேறு ஏதோ மென்பொருளின் தொடக்க ஸ்கிரிப்ட் தன் பழைய நூலகங்களை அங்கே முன்னிறுத்தியிருக்கும்.

வைனிலேயே இல்லாத செயற்கூறு

இந்த டிஎல்எல்லின் இந்தச் செயற்கூறு செயல்படுத்தப்படவில்லை, நிறுத்துகிறேன் என்று ஒரு வரி வந்து நிரல் விழுந்தால், கோப்புகளோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. டிஎல்எல் இருக்கிறது, அதற்குள் அந்த ஒரு செயற்கூறை யாரும் இன்னும் எழுதவில்லை. முதலில் வைனின் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். நீண்ட கால ஆதரவுள்ள வழங்கல்களின் களஞ்சியத்தில் இருப்பது பெரும்பாலும் பழைய வைன். வைன் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தில் புதியது கிடைக்கும். அந்த டிஎல்எல் மறுவிநியோகம் செய்யத்தக்க ஒன்றென்றால் நேட்டிவ் பிரதியை நிறுவி வரிசையை மாற்றலாம்.

இரண்டும் உதவாவிட்டால் வைன் திட்டத்தின் பிழைப் பதிவேட்டில் அந்தச் செயற்கூறின் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் புதிதாகப் பதியுங்கள். புத்தம் புதிய ப்ரிஃபிக்ஸில், வைன்ட்ரிக்ஸும் நேட்டிவ் டிஎல்எல்களும் இல்லாமல் சிக்கலை மறுபடி உண்டாக்கிக் காட்ட வேண்டும். அவற்றைக் கலந்த அறிக்கையை வைத்து அவர்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. 'வைன் --வெர்ஷன்' தரும் பதிப்பு எண், முதல் 'எர்ர்' வரியிலிருந்து முழு வெளியீடு, நிரலை இறக்கிய முகவரி, நிறுவிக் கோப்பின் ஷா1 கூட்டெண் (அந்தக் கோப்பை அடையாளம் காட்டும் எண்) ஆகியவற்றை இணையுங்கள். வெளியீட்டைத் திரைப்பிடிப்பாக எடுத்துப் போடாமல் உரைக் கோப்பாகவே சேருங்கள்.